லாந்தரில் வந்த கழுகு

புணேவை ஒட்டிய போசரிக்கு அந்தாண்டை இருக்கிற கல் குவாரிப் பள்ளத்தில் கழுகுகள் இல்லாமல் போன விஷயம் முதலில் தெரிந்தது நாய்களுக்கு. அடுத்துத் தெரிந்தது இருதயராஜுக்கு. 'டெக்கன் லாந்தர்' பத்திரிகைக்குத் தெரிய இன்னும் சில வருஷம் பிடித்தது. அதற்குத் தெரியாமலே இருந்திருக்கலாம் என்று பிற்பாடு இருதயராஜ் நினைத்ததுண்டு.

இருதயராஜுக்கு டேக்டி பால் சொசைட்டியில் வேலை. அறுநூறு எருமை கட்டுகிற கொட்டகை அது. அத்தனை எருமை நிற்கிற இடத்தில் வாரத்துக்கு ஒன்று விழத்தான் செய்யும். விழுந்ததைக் கயிறு போட்டுக் கைவண்டியில் ஏற்றிப் பள்ளத்துக்குத் தள்ளிக்கொண்டு போவது அவனும் சேஷுவும். தோலை உரிப்பது சேஷு. அதோடு மனிதர்கள் வேலை முடிந்தது. மீதி வேலைக்கு ஆட்கள் மேலே மின்சாரக் கோபுரத்தில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். யூனியன் இல்லை, லீவு இல்லை, நின்றுகொண்டு ஏவ ஒரு மேஸ்திரி வேண்டியதில்லை. சேஷு கத்தியைத் துடைத்துக்கொண்டு பத்தடி நகர்ந்ததும் இறங்கிவிடுவார்கள். இவர்கள் ரோட்டோரம் போய் அரைக் கிளாஸ் கட்டிங் சாயும் ஒரு பீடியும் முடித்துத் திரும்பினால், எருமையின் எலும்பு கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரிக் கிடக்கும்.

தொண்ணூற்றேழு வாக்கில் அந்தக் கழுகுகள் கழுத்தைத் தொங்கப்போட ஆரம்பித்தன. நாலைந்து நாள் தலை கவிழ்ந்தபடியே உட்கார்ந்திருக்கும், அப்புறம் கோபுரத்திலிருந்து பழுத்த பலாப்பழம் மாதிரி விழும். எந்த எருமையைத் தின்ற பிறகு இப்படி ஆகிறது என்று சேஷு கவனித்து வைத்திருந்தான். கால் வீங்கின எருமை கீழே படுத்துவிட்டால் கறக்க முடியாது என்று கம்பவுண்டர் 'ஆராம்' என்ற ஊசியைப் போடுவான். வலி தெரியாமல் எருமை எழுந்து நிற்கும், இரண்டு நாள் கறக்கும், அப்புறம் செத்துவிடும். அதைத் தின்ற கழுகு எழுந்திருப்பதில்லை. "ஊசி எரும வந்தா கோபுரம் காலியாவுது அண்ணே," என்றான் சேஷு. இரண்டு வருஷத்தில் கோபுரம் மொத்தமும் காலி.

எருமை மட்டும் நிற்காமல் விழுந்துகொண்டிருந்தது. சாமான் கிடந்தால் ஆள் வரும். ஆறு நாய் இருந்த இடத்தில் அறுபது நாய் ஆயிற்று. அவை பிஸ்கட்டுக்கு வாலாட்டுகிற நாய்கள் இல்லை. கீழே கிடப்பதெல்லாம் தங்களுடையது என்று வளர்ந்தவை. நிற்பதைப் பார்த்தால், இது எப்போது விழும் என்று யோசிக்கிற கண். அந்தப் பள்ளத்தின் ஓரமாகத்தான் ஜான்சி தினமும் விடியற்காலையில் நடந்து போசரி கம்பெனி ஒன்றில் பெருக்குகிற வேலைக்குப் போனாள். ஜான்சி இருதயராஜின் சம்சாரம். ரோடு வழியாகப் போனால் இரண்டு மைல் சுற்று, முதல் ஷிப்ட் கேட்டை மூடிவிடுவார்கள்.

இருதயராஜ் கேட்டது ஒரே ஒரு குழி. ஜேசிபி வைத்து ஆழமாகத் தோண்டி, செத்ததைப் போட்டுச் சுண்ணாம்பு தூவி மூடிவிட்டால் நாய்க்குச் சாப்பாடு இல்லை, தானாகக் கலைந்துவிடும். சொசைட்டி செக்ரட்டரி மோகாஷி சாகிப் இதை மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். அவருடைய மேஜைக் கண்ணாடிக்கு அடியில் பத்திரிகைத் துண்டுகளாக அடுக்கியிருக்கும். எந்தக் காலத்திலோ பாலில் தண்ணீர் என்று ஒரு செய்தி வந்து கமிட்டியே கவிழ்ந்திருந்தது. அன்றிலிருந்து கமிட்டி கடவுளுக்குக்கூடப் பயப்படுவதில்லை, பேப்பருக்கு மட்டும் பயப்படும். எந்தக் கோரிக்கையானாலும் பேப்பர் கட்டிங் ஒன்று இணைக்க வேண்டும் என்று தீர்மானமே போட்டிருந்தார்கள். மோகாஷி மராத்தியில் பொறுமையாக விளக்கினார். கழுகு இல்லை என்று நீ சொல்கிறாய். நீ மாடு தள்ளுகிறவன். பேப்பர் சொல்லட்டும், குழி வெட்டலாம்.

இருதயராஜ் எழுத்துப் படித்தது நாற்பத்தோராவது வயதில், கோர்படி சர்ச் ஹாலில் நடந்த மாலை வகுப்பில். தமிழ் மட்டும்தான் வசப்பட்டது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து லாந்தருக்குக் கடிதம் எழுதினான். 'மதிப்புக்குரிய லாந்தர் ஐயா அவர்களுக்கு. கழுகு இல்லை. நாய் இருக்கிறது. ஊசியால் வந்தது. குழி வேண்டும். இப்படிக்கு இருதயராஜ், செத்த மாடு தள்ளுகிறவன், டேக்டி பால் சொசைட்டி, போசரி.' விஷயம் அவ்வளவுதான். அடுத்த நாலு வருஷம் லாந்தர் இதைப் பற்றி எவ்வளவோ எழுதியது. இந்த அளவுக்குத் தெளிவாக ஒரு தரமும் எழுதவில்லை.

அது இங்கிலீஷ் பேப்பர். யாருக்கும் புரியாத எழுத்தில் ஒரு கடிதம் வந்திருக்கிறது என்று கை மாறி மாறிக் கடைசியில் ஆசிரியர் லக்ஷ்மிநாராயணனிடம் போனது. அவருடைய தாத்தா காலத்திலேயே புணேவுக்கு வந்துவிட்ட குடும்பம். தமிழை வீட்டில் பேசுவார், எழுத்துக் கூட்டி வாசிப்பார், அதோடு சரி. அவர் கடிதத்தை நிருபர் ஸ்நேஹாவுக்கு உரக்க வாசித்துக் காட்டி, எவ்வளவு பச்சையா இருக்கு பாரு என்று ரசித்து, ஆளை வரச் சொன்னார்.

லாந்தருக்குக் கேம்ப் பேட்டையில் ஏ.சி. போட்ட ஆபீஸ். இருதயராஜ் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். தன் சட்டையில் மாட்டு வாடை அடிக்குமோ என்று கையைக் கக்கத்தோடு ஒட்டி வைத்துக்கொண்டான். லக்ஷ்மிநாராயணன் முதலில் ஒரு போட்டோகிராபரைப் பள்ளத்துக்கு அனுப்பியிருந்தார். அவன் எடுத்த படம் மேஜையில் கிடந்தது. கோபுரம், மேலே வானம்.

"கழுகு எங்கே?" என்றார் ஆசிரியர்.

"இல்லிங்க சார். அதான் சேதி."

"இல்லாததை எப்படிப்பா படம் போடறது? இதைப் போட்டா எலெக்ட்ரிசிட்டி போர்டு விளம்பரம் மாதிரி இருக்கும்."

நாய் நிறைய இருக்கிறதே, அதை எடுத்திருக்கலாமே என்று இருதயராஜ் மெதுவாகச் சொன்னான். நாய் வேறே டிபார்ட்மென்ட் என்று ஸ்நேஹா அவனுக்குத் தாழ்ந்த குரலில் விளக்கினாள்.

லக்ஷ்மிநாராயணன் கண்ணாடியைக் கழற்றி வைத்துக்கொண்டு தொழிலைச் சொல்லிக் கொடுத்தார். "ஒண்ணே ஒண்ணு மிச்சம் இருந்தாக்கூடப் போதும், கடைசிக் கழுகுன்னு பிரமாதமாப் போடலாம். மூணு நாள் ஓடும். ஒண்ணுமே இல்லேன்னா அது செய்தி ஆகாது, வெறும் தகவல். அஞ்சு வருஷம் முன்னாடி சொல்லியிருக்கப்படாதோ நீங்க?"

அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி நிறையக் கழுகு இருந்துச்சு சார் என்றான் இருதயராஜ்.

"அப்போ அதுவும் செய்தி இல்லைதான்," என்று ஒப்புக்கொண்டார் அவர்.

ஆனாலும் போட்டார்கள். ஜூன் மாதம் சுற்றுச்சூழல் தினம் வந்தபோது முக்கால் பக்கத்துக்குக் கலர் படம். ஆபீஸ் பெட்டியில் இருந்த பழைய படங்களிலிருந்து எடுத்தது. ஒரு செத்த மிருகத்தைச் சுற்றி நாற்பது கழுகுகள், ஒன்றின்மேல் ஒன்று ஏறி, ரக்கையை விரித்துக்கொண்டு, பார்க்கவே திருவிழாவாக இருந்தது. அடியில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற எழுத்தில், இவை இப்போது இல்லை என்று இங்கிலீஷில் ஒரு வரி. இருதயராஜ் பேப்பரை வீட்டுக்குக் கொண்டுவந்தான். ஜான்சி அதை விளக்கடியில் வைத்துப் பார்த்தாள்.

"இன்னாய்யா இது, எரும கோடு போட்டுகினு கீது?"

அவனும் பார்த்தான். செத்துக் கிடந்த மிருகத்துக்கு உடம்பெல்லாம் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு. இருபது வருஷத்தில் எத்தனையோ எருமையைத் தள்ளியிருக்கிறான், இப்படி ஒன்றைத் தள்ளியதில்லை. ஆனாலும் அச்சில் வந்தாயிற்று, அதை மடித்து எடுத்துக்கொண்டு போய் மோகாஷியிடம் கொடுத்தான்.

மோகாஷி பேனா முனையால் தொட்டுத் தொட்டு எண்ணினார். முப்பத்தெட்டு. கமிட்டி கூடியது. கீழே இருந்த பொடி எழுத்தைப் படிக்கிற அளவுக்கு யாருக்கும் நேரமில்லை, எண்ணுவதற்கு எல்லோருக்கும் நேரம் இருந்தது. ஒருவருக்கு நாற்பத்தொன்று வந்தது, இன்னொருவருக்கு முப்பத்தொன்பது. விவாதம் காரசாரமாக நடந்து, கடைசியில் சராசரி எடுத்துத் தீர்மானம் போட்டார்கள்: பள்ளத்தில் கழுகுகளின் எண்ணிக்கை திருப்திகரம், குழி அனாவசியம். படம் நன்றாக இருக்கிறது என்று மோகாஷி அதைக் கத்தரித்துக் கண்ணாடிக்கு அடியில் சேர்த்துக்கொண்டார்.

அந்த மழைக்காலத்தில் சேஷுவை நாய் கடித்தது. குனிந்து தோலை உரித்துக்கொண்டிருந்தவனின் கெண்டைக்காலைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டது. மிளகாய்ப் பொடியை அப்பித் துணி கட்டினார்கள். இருதயராஜ்தான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனான். இரண்டு ஊசி போட்டார்கள். மூன்றாவதுக்குப் போனபோது மருந்து வரவில்லை, திங்கட்கிழமை வா என்றார்கள். திங்கட்கிழமை ஒரே நாளில் மூன்று எருமை விழுந்தது. காயம்தான் ஆறிவிட்டதே அண்ணே என்று சேஷு கயிற்றை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். ஒன்றரை மாதம் கழித்து ஒரு நாள் காலையில் தண்ணீர் லோட்டாவைப் பார்த்து அழுதான். மூன்று நாள். கடைசி நாள் அவனைக் கட்டிலோடு கட்டிய கயிறு, எருமை ஏற்றுகிற அதே கயிறு.

காரியம் முடிந்து நேராக இருதயராஜ் கேம்ப்புக்குப் பஸ் ஏறினான். ஸ்நேஹா நல்ல பெண். அவன் சொன்னதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டாள், கண் கலங்கினாள். அவளுக்குத் தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வரும், எழுதிவிடுவேன் என்பதை இந்தியில்தான் சொன்னாள்.

"அங்கிள், நான் எல்லாம் லிக் தூங்கி. ஆனா ஒரு ப்ராப்ளம் இருக்கு. எந்தப் பேஜ்?"

அப்புறம் அவள் நோட்டைத் திருப்பிக் கட்டம் போட்டுக் காட்டினாள். கழுகு என்றால் சுற்றுச்சூழல், அது மாதம் இரண்டு வியாழக்கிழமை. நாய் என்றால் சிட்டி, மூன்றாம் பக்கம். சேஷு செத்தது துண்டுச் செய்தி, ஏழாம் பக்கம். ஆராம் ஊசி மருந்து கம்பெனி விவகாரம், வணிகம், பதினோராம் பக்கம். நாலும் நாலு டெஸ்க், ஒரு டெஸ்க் விஷயத்தில் மற்ற டெஸ்க் கை வைக்காது.

"நாலும் ஒண்ணுதாம்மா," என்றான் இருதயராஜ். "ஊசியால கழுகு செத்துது. கழுகு இல்லாம நாய் பெருத்துது. நாய் சேஷுவக் கடிச்சுது. நடுவுல வெட்ட எடமே இல்லியே."

ஸ்நேஹாவுக்கு அது புரிந்தது. புரிந்து என்ன செய்ய, ஆசிரியரிடம் கூட்டிப் போனாள். லக்ஷ்மிநாராயணன் சேஷுவுக்காக அரை நிமிஷம் மௌனமாக இருந்தார். பிறகு சொன்னார், "நாலையும் ஒரே பக்கத்துல போட்டா என்ன ஆகும் தெரியுமோ? படிக்கறவாளுக்குக் கவலை வந்துடும். காலம்பற காபியோட வர பேப்பர் இது. தனித்தனியாப் போட்டா ஒவ்வொண்ணுக்கும் கொஞ்சம் வருத்தப்படுவா, அடுத்த பக்கம் திருப்புவா. அதுதான் ஆரோக்கியம்."

கழுகு விஷயத்தில் அவர் இன்னும் நேர்மையாக இருந்தார். நடுநிலை என்று ஒன்று இருக்கிறதாம். கழுகு இல்லை என்று ஒருவர் சொன்னால், இருக்கிறது என்று சொல்ல ஒருவரைத் தேடிப் பிடித்து அதே நீளத்துக்குப் போட வேண்டும். பறவைகளைப் பற்றிப் படித்த ஒரு புரொபசர் இல்லை என்று சொல்லியிருந்தார். இருக்கிறது என்று சொல்ல ரிடையரான ஒரு ராணுவ அதிகாரி கிடைத்தார். எண்பத்தெட்டாம் வருஷம் தன் பால்கனியிலிருந்து ஒன்றைப் பார்த்ததாகவும், அது போன விதத்தைப் பார்த்தால் திரும்பி வரும் என்றே தோன்றியதாகவும் சொன்னார்.

நாலும் நாலு நாளில் வந்தன. வியாழக்கிழமை, 'கழுகே, எங்கே போனாய்?' என்று ஒரு வாசகியின் கவிதை, அதே பழைய படத்தோடு. சனிக்கிழமை, நாய் நண்பர்களும் நாய் எதிரிகளும் மோதிக்கொண்ட விவாதம், எந்தப் பக்கம் நீங்கள் என்று போன் நம்பர் கொடுத்து ஓட்டு. திங்கட்கிழமை, போசரியில் தொழிலாளி மரணம் என்று நாலு வரி, பெயர் இல்லை. புதன்கிழமை, ஆராம் ஊசிக்கு மேற்கு மகாராஷ்டிரத்தில் நல்ல வரவேற்பு. எது எது என்று ஸ்நேஹா போனில் சொல்லச் சொல்ல இருதயராஜ் கத்தரித்தான். நாலையும் ஓர் அட்டையில் வரிசையாகச் சோற்றுப் பருக்கையால் ஒட்டினான். ஒட்டி முடித்துப் பார்த்தபோது, தமிழில் தான் எழுதிய கடிதம் இங்கிலீஷில் திரும்பி வந்துவிட்ட மாதிரி இருந்தது.

மோகாஷி அட்டையைத் தூரத்தில் வைத்துப் பார்த்தார். அவர் முகம் சுருங்கியது. கட்டிங் என்றால் பேப்பர்காரன் அச்சடித்துக் கொடுத்தபடி இருக்க வேண்டும், நாலு கட்டிங்கை ஆள் தன் இஷ்டத்துக்குச் சேர்த்து ஒட்டினால் அதற்குப் பெயர் போர்ஜரி என்றார். பழைய வேலைக்காரன் என்பதால் போலீசுக்குச் சொல்லவில்லை.

இரண்டாயிரத்து நாலில் லாந்தருக்குத் திடீரென்று கழுகின்மேல் பிரியம் பொங்கியது. வெளிநாட்டுப் பேப்பர்கள் கழுகைப் பற்றி எழுத ஆரம்பித்திருந்தன. 'லாந்தர் கழுகு வாரம்' என்று அறிவித்தார்கள். பள்ளிக்கூடங்களில் ஓவியப் போட்டி, கழுகு படம் போட்ட டீ ஷர்ட், பேனா, ஒரு நட்சத்திர ஓட்டலில் கழுகு டின்னர். செலவை ஏற்றுக்கொண்டது ஆராம் கம்பெனி. ஒவ்வொரு பேனரிலும் கழுகுக்குப் பக்கத்தில் ஊசிக் குப்பியின் படம் இருந்தது.

ஜங்லி மகாராஜ் ரோட்டில் ஊர்வலம் என்று முடிவானதும் ஒரு சிக்கல் வந்தது. கழுகு வாரத்தில் கழுகு வேண்டாமா. நாடகக் கம்பெனிக்கு உடை தைக்கிற கடையில் சொல்லி ஒன்று தைத்தார்கள். கறுப்புத் துணியில் ஸ்பஞ்சு வைத்த ரக்கை, வளைந்த அட்டை மூக்கு, நீச்சல் தொப்பியில் செய்த மொட்டைத் தலை. உள்ளே யார் நிற்பது என்றபோது ஸ்நேஹாவுக்கு இருதயராஜின் ஞாபகம் வந்தது. கழுகோடு நிஜமாகவே வேலை செய்தவர் என்றாள். ஆசிரியர் மேஜையைத் தட்டி ஆமோதித்தார்.

மேடையில் நாலு வார்த்தை பேச முடியும் என்றுதான் இருதயராஜ் ஒத்துக்கொண்டான். மே மாத வெயிலில் ரக்கையை விரித்துக்கொண்டு ஒன்றரை மைல் நடந்தான். குழந்தைகள் வாலைப் பிடித்து இழுத்தார்கள். மேடையில் லக்ஷ்மிநாராயணன் பேசினார். இழப்பு நம்மை ஒன்றுசேர்க்கிறது என்றார். கழுகு இருந்தபோது அதை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை, இன்று ஐயாயிரம் பேர் கூடியிருக்கிறோம், ஆகவே ஒரு விதத்தில் கழுகு இப்போதுதான் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது என்றார். ஆராம் கம்பெனி மேலாளர் தாங்கள் வலியை ஒழிக்கப் பிறந்தவர்கள் என்றும், மாட்டின் வலியை ஒழித்த பிறகு கழுகின் வலி தங்கள் கவனத்துக்கு வந்திருக்கிறது என்றும் சொன்னார். பிறகு கழுகு இரண்டு வார்த்தை பேசும் என்று அறிவித்தார்கள்.

இருதயராஜ் பேசினான். அந்த அட்டை மூக்குக்குள் இருந்து எல்லாவற்றையும் சொன்னான். ஊசியைச் சொன்னான், கோபுரம் காலியானதைச் சொன்னான், சேஷு லோட்டாவைப் பார்த்து அழுததைச் சொன்னான். நீச்சல் தொப்பி காதோடு இறுக்கியிருந்ததால், வெளியே எதுவும் கேட்கவில்லை என்பது அவனுக்குத் தெரியவில்லை. ஸ்பஞ்சுக்குள்ளிருந்து ஒரு முனகல்தான் வந்தது. அதுவும் பறவைக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. கழுகு உணர்ச்சிவசப்பட்டது என்று மறுநாள் படத்தோடு வந்தது.

உடையை ஆள் வந்து வாங்கிக்கொள்வார்கள் என்றார்கள். யாரும் வரவில்லை. கோணிப்பையில் சுருட்டிப் பரண்மேல் போட்டான்.

அடுத்த தை மாதம் ஒரு விடியற்காலையில் ஜான்சி சேலை கிழிந்து திரும்பி வந்தாள். நாய்கள் வளைத்துக்கொண்டன. டிபன் டப்பாவைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடி வந்திருக்கிறாள். பல் படவில்லை. அன்றைக்குக் கூலி போனது. அவள் முகம் கழுவிக்கொண்டு நாளைக்கும் போகத்தான் வேண்டும் என்றாள். மறுநாள் இருதயராஜ் தடியோடு கூடப் போனான். நாய்கள் தடியை வருஷக்கணக்கில் பார்த்தவை. எழுந்து சோம்பல் முறித்துக்கொண்டு நெருங்கி வந்தன. இரண்டு பேரும் முதுகைக் காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து வீடு திரும்பினார்கள்.

அன்று இராத்திரி அவன் பரணிலிருந்து கோணிப்பையை இறக்கினான். ஜான்சி பார்த்துக்கொண்டே இருந்தாள். சிரிக்கவில்லை.

விடியலில் பனி இறங்கியிருந்தது. பள்ளத்து விளிம்பில் ஒரு பாறைமேல் ஏறி இருதயராஜ் ரக்கையை விரித்தான். கிழட்டு நாய்கள் இரண்டு மூன்று அதைப் பார்த்தன. அவற்றுக்கு ஞாபகம் இருந்தது. ஒரு காலத்தில் இந்த ரக்கைகள் தின்று முடிக்கும் வரைக்கும் தூரத்தில் வாலைச் சுருட்டிக்கொண்டு காத்திருந்த நாய்கள். அவை பின்வாங்கின. அதைப் பார்த்துச் சின்ன நாய்களும் பின்வாங்கின. ஜான்சி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு விறுவிறுவென்று நடந்து ரோட்டை அடைந்தாள். அன்றிலிருந்து தினமும் அதுவே வழக்கமாயிற்று. காலையில் கால் மணி நேரம் கழுகு, அப்புறம் கைவண்டி.

பத்தாம் நாளோ பதினோராம் நாளோ, ரோட்டில் ஓடப் போன ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர் புதுக் காமிராவில் தூரத்திலிருந்து ஒரு படம் எடுத்தார். அடுத்த நாள் லாந்தரின் முதல் பக்கம், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை: 'கழுகு திரும்பியது'. பனிக்கு நடுவில் பாறை, பாறைமேல் ரக்கை விரித்த கறுப்பு உருவம். புரொபசர் ரக்கையின் அகலத்தை அளந்து வியந்திருந்தார். ராணுவ அதிகாரி நான்தான் அப்போதே சொன்னேனே என்றிருந்தார். கடைசிப் பக்கம் முழுக்க ஆராம் கம்பெனி விளம்பரம், வாழ்த்துகளோடு. இதற்கு எந்த டெஸ்க்கும் குறுக்கே நிற்கவில்லை.

சொசைட்டியில் மோகாஷி பேடா வாங்கி எல்லோருக்கும் கொடுத்தார். இருதயராஜுக்கு இரண்டு. குழி பற்றின பைலை இனி எப்போதும் திறக்க வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கட்டினார்கள். பறவைக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்பதால் பள்ளத்தில் யாரும் எதுவும் தோண்டக்கூடாது என்று புதுத் தீர்மானமும் வந்தது.

இருதயராஜ் கோணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு கேம்ப்புக்குப் போனான். ஆசிரியர் மேஜைமேல் ரக்கையை எடுத்து வைத்தான்.

"சார், அது நான் சார்."

லக்ஷ்மிநாராயணன் ரக்கையைத் தொட்டுப் பார்த்தார். "ரெண்டு நிபுணர் உறுதி பண்ணியிருக்கா. நீங்க நிபுணர் இல்லையே. தவிர நீங்க சம்பந்தப்பட்ட பார்ட்டி. சம்பந்தப்பட்டவா சொல்றதை மட்டும் வெச்சுண்டு நாங்க மறுப்பு போடறதில்லை."

"படத்தப் பாருங்க சார். கால்ல பாருங்க."

முந்தின இராத்திரி வீட்டில் ஜான்சிதான் முதலில் கண்டுபிடித்திருந்தாள். பேப்பரை விளக்கடியில் வைத்துப் பார்த்து, செருப்பு தெரியுதுய்யா என்றாள். கறுப்பு உருவத்தின் அடியில், பாறைமேல், நீல வார் போட்ட ஹவாய் செருப்பு. இரண்டும் தெளிவாக விழுந்திருந்தன.

ஆசிரியர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். ஸ்நேஹாவும் எட்டிப் பார்த்தாள், பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"தெரியறது," என்றார் லக்ஷ்மிநாராயணன். "ரெண்டு லட்சம் பேர் பார்த்தாச்சு, ஒருத்தர்கூடக் கேக்கலை. ஜனங்களுக்கு ரொம்ப நாளைக்கு அப்புறம் ஒரு நல்ல சேதி கிடைச்சிருக்கு. அதைப் பிடுங்கிக்க எனக்கு மனசு வரலை." ரக்கையை மடித்து, தானே கோணிப்பைக்குள் வைத்துக் கொடுத்தார். வாசல் வரைக்கும் கூட வந்தார். அங்கே தோளில் கை வைத்துக் குரலைத் தாழ்த்தினார். "இனிமே நிக்கறப்போ செருப்பைக் கழட்டிட்டு நில்லுங்கோ."

மறுநாள் விடியலில் ஜான்சி அவன் காலைப் பார்த்தாள்.

"செருப்பு எங்க?"

"கழட்டச் சொன்னாங்க."

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. அவன் பாறைமேல் ஏறினான். எலும்புச் சில்லு உள்ளங்காலில் குத்தியது. ரக்கையை விரித்தான். நாய்கள் ஒதுங்கின, அவள் ஓரமாக நடந்து ரோட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

ரோட்டில் அன்றைக்கு முப்பது நாற்பது பேர் நின்றிருந்தார்கள். கார்கள், காமிராக்கள், பள்ளிக்கூட யூனிபாரத்தில் குழந்தைகள். ஆராம் கம்பெனியின் பேனர்கூட ஒன்று கட்டியிருந்தார்கள். ஜான்சி போய்விட்டாள், அவன் ரக்கையை இறக்கியிருக்கலாம். ஆனால் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது கழுகு எப்படிப் பாறையிலிருந்து கால் வைத்து இறங்கி, கைவண்டி தள்ளப் போகும் என்று அவனுக்குத் தெரியவில்லை. பனி கலைய ஆரம்பித்தது. கை கடுத்தது.

பின்னால் ஏதோ மூச்சு விட்டது. வெறும் குதிகாலில் ஈரமான ஒரு மூக்கு பட்டது, முகர்ந்தது, இன்னொரு தரம் முகர்ந்தது. திரும்பிப் பார்த்தால் ரக்கை மடங்கிவிடும்.

ரோட்டில் யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள்.